திகதியர் பொய் சொன்ன கிழமை

எண்பதுகளில் பாரிசின் லா சப்பலில் இருந்த தமிழர்களில், இன்றைக்கு என்ன நாள் என்று முழுசாகத் தெரிந்த ஒரே மனிதர் திகதியர்தான். மற்றவர்களான எங்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு திகதி, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தற்காலிக விசாக் கடதாசி முடிகிற திகதி.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்து நான் பார்க்கவில்லை.

ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் உணவகங்களில் கோப்பை கழுவினோம். திகதியர் மட்டும் அதைத் தன் உண்மையான வேலையாகக் கருதவில்லை. உண்மையான வேலை, உலக சரித்திரத்தை நாள்வாரியாகப் பிரித்து, காலை ஆறு மணிக்கு எங்கள் காதில் ஊற்றுவது.

"எழும்புங்கோடா! பெப்ரவரி பதினொண்டு! இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

யாரும் பதில் சொல்ல மாட்டோம். அதற்காக அவர் நிறுத்தவும் மாட்டார்.

"மின்சார பல்பு செய்த மனிசன் பிறந்த நாள்!"

"அப்ப அந்தாளின்ர மரியாதைக்காவது லைட்டை நிப்பாட்டுங்கோ அண்ணை," என்பேன் போர்வைக்குள் இருந்து.

நிற்பாட்ட மாட்டார். பிறந்த நாளும் அதுவுமாக பல்பை அணைப்பது அவமரியாதை என்பது அவர் கட்சி. கட்டிலில் கிடந்தபடியே நான் எத்தனை பேரின் பிறப்பை வெறுத்திருக்கிறேன் என்று சொன்னால் பாவம் வரும்.

இவ்வளவு விஷயமும் அவருக்கு எங்கிருந்து வந்தது? யாரோ வீடு மாறும்போது நடைபாதையில் விட்டுப்போன ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திலிருந்து. இரண்டு தடவை மெட்ரோவில் தூக்கி வந்தார். மூன்றாம் தடவை போவதற்குள் மிச்சத்தை வேறொருவர் தூக்கிவிட்டார். ஆகவே 'ஏ' முதல் 'எல்' வரைதான் இருந்தது. திகதியரின் கணக்கில் 'எல்' எழுத்துக்குப் பிறகு உலகத்தில் பெரிய மனிதர் யாருமே பிறக்கவில்லை. பிரெஞ்சுச் சக்கரவர்த்தியே 'என்' எழுத்தில் மாட்டிக்கொண்டு அவருடைய நாட்காட்டிக்குள் நுழைய முடியாமல் போனார்.

சனிக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அங்கே திகதியருக்குப் பத்து நிமிடம். உணவகத்தில் மிஞ்சும் மேசைக் கடதாசி விரிப்பில், 'பிள்ளைகளே, இந்த நாளில்!' என்று தலைப்புப் போட்டு, ஒரு பக்கம் நடந்தவை, மறு பக்கம் பிறந்தவர்கள். அந்தக் கிழமை எந்தப் பிள்ளைக்காவது பிறந்த நாள் என்றால், பெரியவர்களின் வரிசையிலேயே, அதே அளவு எழுத்தில், அந்தப் பிள்ளையின் பெயரும் வரும். என் கையெழுத்து உருண்டையாக இருந்தது என் தலைவிதி. வெள்ளிக்கிழமை மத்தியான இடைவேளையில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று வந்தால், விரிப்பும் பேனையும் எனக்காகக் காத்திருக்கும்.

புறநகர் எபினேயிலிருந்து வருகிற ஒரு வாண்டு ஜூலை பதினான்கில் பிறந்திருந்தது. பழைய சிறையை மக்கள் உடைத்த நாள். ஊர் முழுக்க வாண வேடிக்கை.

"மெய்யோ மாமா? வாணமெல்லாம் எனக்கோ?"

"உனக்கும்தான்," என்றார் திகதியர், சிரிக்காமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூலையும், அந்தப் பிள்ளையின் தகப்பன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் நின்று இடிபட்டார். எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பெரியவர்களையும் திகதியர் விட்டுவைப்பதில்லை. "மகன் பிறந்து ஒரு மாசம்" என்று யாராவது சந்தோசமாகச் சொன்னால், "முப்பத்திநாலு நாள்" என்று திருத்துவார். திகதியில் பொய் சொல்கிறவன் எதிலும் பொய் சொல்வான் என்பார். நாங்கள் களைத்துப்போய்த் தலையாட்டுவோம்.

எண்பத்தேழு நவம்பர் ஏழாம் திகதி சனிக்கிழமையாக வாய்த்தது. வகுப்பில் நிர்மலா என்று ஒன்பது வயதுப் பிள்ளை. மன்னாரிலிருந்து வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அன்று தன் பிறந்த நாள் என்று, வகுப்புக்கு வந்த முதல் கிழமையே திகதியரிடம் சொல்லியிருந்தாள். திகதியருக்குக் கால் நிலத்தில் படவில்லை. ரேடியத்தைக் கண்டுபிடித்த பெண்மணி பிறந்த நாள் அல்லவா! இதே பாரிசில் வாழ்ந்தவர். அதுவும் 'சி' எழுத்து. எனக்கு இரண்டு வெள்ளிக்கிழமை வேலை வைத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரிய தாள் தயாரித்தார். வகுப்புக்கு மட்டும் போதாதென்று, காலையிலேயே லா சப்பல் தமிழ்க் கடையின் கண்ணாடியில், கோதுமை மாப் பசை போட்டு ஒட்டினார். ரேடிய அம்மாவுக்குக் கீழே, நிர்மலாவின் முழுப் பெயர்.

ஒட்டி முடித்துத் தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருக்கும்போது நிர்மலாவின் தகப்பன் தேவதாஸ் வந்தார். வாசித்தார். கையிலிருந்த பை நிலத்தில் விழுந்து கத்தரிக்காய்கள் உருண்டன.

"அண்ணை, இதைக் கிழியுங்கோ."

"ஏன்? திகதி பிழையோ?"

"சரி அண்ணை. சரியாயிருக்கிறதுதான் பிரச்சினை. ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில பெப்ரவரி பதினொண்டு. பயத்தில நான் அகதி அலுவலகத்திலயும் அதையே சொல்லிப்போட்டன். வாற செவ்வாய் எங்களுக்கு விசாரணை. மொழிபெயர்க்க வாறவர் இஞ்சைதான் மரக்கறி வாங்குறவர்."

"அப்ப செவ்வாய்க்கிழமை உண்மையைச் சொல்லுங்கோவன். திகதி பொய் சொல்லாது."

"திகதி சொல்லாது அண்ணை. நாங்கள் சொல்லிட்டம்." தேவதாஸ் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றார். "பிள்ளையின்ர பிறந்த நாள் பொய்யெண்டால், ஊரில எங்கட வீடு எரிஞ்சதும் பொய்யெண்டு எழுதிப்போடுவாங்கள்."

திகதியர் குனிந்து கத்தரிக்காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். கடைக்குள் போய் ஒரு கத்தி வாங்கி வந்து சுரண்டத் தொடங்கினார். மாப் பசை இலேசில் விடவில்லை. நானும் நகத்தால் சுரண்டினேன்.

"உன்ர?" என்றார் திடீரென்று, என்னைப் பார்க்காமல்.

"என்ன என்ர?"

"உன்ர கடதாசியில உள்ளதும் பொய்யோ?"

"ஓம் அண்ணை. உண்மையானது மே இருபத்தொன்பது."

அவர் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று காலையும் அறையில் சத்தமில்லை. ஆறு மணிக்கு யாரும் கத்தவில்லை. எத்தனையோ மாதம் நான் வேண்டிக்கொண்டது அதுதான். ஆனால் நித்திரை வரவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களில் இருவர் நன்றாகத் தூங்கிவிட்டு வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நிர்மலா கேட்டாள்.

"என்ர தாள் எங்கை மாமா?"

"உனக்குப் பெப்ரவரியில தாறன் பிள்ளை."

"நான் பெப்ரவரியில பிறக்கேல்லை!" கண் நிரம்பிவிட்டது.

"தெரியும்," என்றார் திகதியர். பிறகு கொண்டுவந்த தாளை விரித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். போன சனிக்கிழமை ரேடியம் கண்டுபிடித்த பெண்மணி பிறந்த நாள், அவர் சின்ன வயதில் கெட்டிக்காரி, வேறு நாட்டிலிருந்துதான் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர் என்று ஒரு பக்கம். பெயர்ப் பட்டியலில் ரேடிய அம்மாவுக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டு, வெறுமையாக விட்டிருந்தார். அதை நிர்மலாவிடம் நீட்டினார். அவள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். அது தனக்கான இடம் என்று அந்த ஒன்பது வயதுக்கு விளங்கிவிட்டது; பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பெப்ரவரியில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "பதினோராம் திகதி, மின்சார பல்பு செய்தவரும் எங்கட நிர்மலாவும் பிறந்த நாள்," என்று சத்தமாக வாசித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. உலகத்தில் ஒருவர் ஒரு திகதி சொல்வதற்கு அவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மாதம் தேவதாஸ் வீட்டுக்கு அகதி அட்டை வந்தது. சந்தோசத்தில் தொதல் இனிப்புக் கிண்டிக் கொண்டுவந்து தந்தார். அட்டையில் நிர்மலாவுக்குப் பெப்ரவரி பதினொன்றுதான், இன்றுவரை அதுதான்.

அந்த மே இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை. கிழமை முழுக்க மாடாய் உழைத்துவிட்டு, எட்டு மணிவரை தூங்கலாம் என்று இருந்த ஒரே நாள். ஆறு மணிக்கு லைட் எரிந்தது.

"எழும்புங்கோடா! இண்டைக்கு எவரெஸ்ட் உச்சியில மனிசன் கால் வைச்ச நாள்!"

ஐந்து பேரும் திட்டினோம். எல்லாரையும்விட நான்தான் அதிகமாகத் திட்டினேன். அவர் என் கட்டிலுக்குக் கிட்ட வந்து குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "உன்ர நாளும்தான்ரா," என்றார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

பிறகு அவர் புறநகர் பொபினிப் பக்கம் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். சில வருடங்களில் இறந்தும் போனார். எனக்கு இன்றும் வாழ்த்துகள் வருவது கடதாசியில் உள்ள நாளில்தான். மே இருபத்தொன்பது காலையில் மட்டும், விழிப்பு வந்த பிறகும் ஆறு மணிவரை கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறேன், யாராவது லைட்டைப் போட்டுக் கத்தட்டும் என்று.