எண்பது பர்சன்ட் மாப்பிள்ளை

சமோசாவைக் கடித்த வாயோடு காதர் பாய் அந்த ஒரு வரியைச் சொன்னார். தல்ஹாவுக்கு டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, நிச்சயத்துக்குத் தேதி குறிக்க அடையாற்றிலிருந்து பெண் வீட்டார் ராயப்பேட்டைக்கு வந்திருந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தல்ஹா விருட்டென்று எழுந்துபோய், சுவரோரம் சார்ஜில் கிடந்த தன் போனைப் பிடுங்கினான். எண்பது பர்சன்ட். எண்பதைத் தாண்டினால் பேட்டரிக்கு ஆயுசு குறைச்சல் என்பது அவன் கொள்கை. வீடே தீப்பிடித்தாலும் ஐயா முதலில் சார்ஜரைத்தான் பிடுங்குவார்.

மாமனாராகப்போகிற காதர் பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பேட்டரி நமக்கா, நாம பேட்டரிக்கா?"

கேட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருக்கிறவர் மாதிரி அவன் முகத்தையே பார்த்தார். தல்ஹா இருமி முடித்து, "ஹி ஹி" என்றான்.

அந்த வரிக்கு ஏன் இந்த நடுக்கம் என்றால், 'வயரும் வாயும்' பற்றிச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் அது ஒரு மன்றம். போன் பைத்தியம், கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்த தமிழர்கள் ஒன்றுகூடி ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொள்ளும் இடம். போனுக்கு உறை போடுவது மானமா அவமானமா என்று அங்கே முந்நூறு பக்கத்துக்குச் சண்டை நடந்திருக்கிறது. கறுப்புத் திரையா வெள்ளைத் திரையா என்ற தகராறில் இரண்டு கல்லூரி நண்பர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். வேலை வெட்டி உண்டா என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆபீசில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள்.

அங்கே தல்ஹாவின் பெயர் 'ராயப்பேட்டை ராக்கெட்'. எண்பது கட்சியின் தலைவன். எதிரே நூறு கட்சி. அதன் தலைவர் 'அடையாறு ஆலமரம்'. போனை முழுசாக நூறு வரைக்கும் ஏற்று, சும்மா பேட்டரிக்கு மாமியார் வேலை பார்க்காதே என்பது அவர் வாதம். மூன்று வருஷமாக இரண்டு பேரும் கட்டிப் புரள்கிறார்கள். ஆலமரம் எதை எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'பேட்டரி நமக்கா, நாம பேட்டரிக்கா?'

விருந்தாளிகள் கிளம்பியதும் தல்ஹா தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். அடையாற்றில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அப்படியே இவர்தான் அவர் என்றாலும், நான்தான் ராக்கெட் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"ஏன் தெரியாது?" என்றாள் அம்மா ஜைதூன் பீ, டீ கப்புகளை அடுக்கிக்கொண்டே. "பயோடேட்டாவுலயே எழுதிட்டேனே."

"இன்னாம்மா எழுதின?"

"பொழுதுபோக்குன்னு ஒரு இடம் கீது. நீ இன்னா கிரிக்கெட்டா ஆடற, பாட்டா பாடற? ராவும் பகலும் தட்டிக்கினே கிடக்கிறியே, எழுத்தாளன்னு நினைச்சுக்கட்டும்னு, 'ராயப்பேட்டை ராக்கெட் என்ற பெயரில் இன்டர்நெட்டில் எழுதுகிறார்'னு போட்டேன். அவங்களுக்கு அதான் ரொம்பப் பிடிச்சதாம்."

தல்ஹா சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். காரணம், இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆலமரத்துக்கு அவன் இப்படி எழுதியிருந்தான்: 'இந்த ஆளுக்கு ஒரு பொண்ணு இருந்து, அதுக்கு ஒருத்தன் மாப்பிள்ளையா வந்து மாட்டினா, அவனை நினைச்சு எனக்கு இப்பவே அழுகை வருது. பாவி, மாமனார் வீட்டுல தூங்கப் போனாக்கூட நூறு பர்சன்ட் தூங்கி முடிக்காம எழுந்திரிக்க முடியாது.' நாற்பத்தோரு பேர் சிரித்திருந்தார்கள்.

சந்தேகத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளலாம் என்று காதர் பாயின் மகள் ஜுவேரியாவுக்குப் போன் போட்டான்.

ஜுவேரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு முன் நான்கு வீட்டில் இவனை வேண்டாம் என்றிருக்கிறார்கள். 'பையன் பொண்ணைப் பாக்கல, போனைத்தான் பாக்கறான்' என்பது நான்கு வீட்டிலும் ஒரே தீர்ப்பு. ஜுவேரியா மட்டும், "பேசும்போது ரெண்டு கையையும் ஆட்டறீங்க, நல்லாருக்கு, பேசுங்க" என்றாள். அன்றிலிருந்து தல்ஹாவுக்கு அவளைவிட்டால் வேறு யாரும் கிடையாது. அவள் கிடைக்காமல் போனால் உயிர் போய்விடும் என்று உண்மையாகவே நம்பினான்.

"உங்க அத்தா ஆன்லைன்ல ஏதாவது... எழுதுவாரா?"

"எழுதறாரோ என்னவோ, கண்ணாடிக் கடையில உக்காந்துகினு எப்பப் பாரு போனும் கையும்தான். தானா சிரிப்பாரு. திடீர்னு, 'இவன் அடங்கவே மாட்டேங்கறான் பாரு, இவனை ஒரு நாள் நேர்ல பாத்துக்கறேன்'னு திட்டுவாரு."

"எவனைத் திட்டுவாரு?"

"யாருக்குத் தெரியும்? மூணு வருஷமா அதே ஆளுதான்."

போதும். தல்ஹா உடனே மன்றத்துக்குள் போய் அந்தப் பதிவை அழித்தான்.

இங்கேதான் அவன் முதல் குழியில் விழுந்தான். 'வயரும் வாயும்' மன்றத்தில் எழுதியதை அழித்தால், அதன் நகலை முகப்பில் 'புறமுதுகுப் பலகை' என்ற இடத்தில் ஒரு வாரம் மாட்டி வைப்பார்கள். பத்தே நிமிஷத்தில் மாட்டிவிட்டார்கள். நாற்பத்தோரு பேர் படித்துச் சிரித்தது இப்போது ஆயிரத்து நானூறு பேர் படிக்கும்படி ஆயிற்று.

மன்றத்தைக் கட்டி மேய்க்கிறவன் மயிலாப்பூர் ஸ்ரீகிருஷ்ணா. தல்ஹாவோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன்.

"கிருஷ்ணா, மச்சி, அதை எடுத்துடுடா. உன் காலைப் பிடிக்கறேன்."

"எடுக்கப்படாதுடா. ரூல்னா ரூல்தான். அந்த ரூலைக் கொண்டுவந்ததே நீதானே? ஆலமரத்தை மாட்டிவிடறேன்னு போன வருஷம் ஒத்தக்கால்ல நின்னியே."

"சரி, ஆலமரம் யாருன்னாவது சொல்லு."

"அதெல்லாம் வெளில சொல்ற வழக்கமில்லை. ஆத்துல என் பொண்டாட்டிக்கே சொன்னதில்லை."

"அடையாறுதானா?"

"பேர்லயே எழுதி ஒட்டிண்டிருக்கார். அப்புறம் என்ன சாட்சி வேணும் நோக்கு?"

திங்கட்கிழமை முழுக்க யோசித்து, செவ்வாய்க்கிழமை தல்ஹா மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தான். 'மதிப்பிற்குரிய ஆலமரம் ஐயா அவர்களுக்கு, என் எழுத்து தங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் அன்புகூர்ந்து பொறுத்தருளவும்' என்று எழுதினான்.

பதினோரு வருஷ சரித்திரத்தில் அந்த மன்றத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. அதனால் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

'ராக்கெட் கணக்கை எவனோ திருடிட்டான்!'

'ஐயாவாம்! நம்ம ராக்கெட் அவங்க அத்தாவையே ஐயான்னு கூப்பிட்டிருக்க மாட்டான்.'

'அன்புகூர்ந்தாம்! போலீசுக்குச் சொல்லுங்கப்பா!'

ஸ்ரீகிருஷ்ணா கணக்கைப் பூட்டிவிட்டான். திறக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு சடங்கு. வெள்ளைத் தாளில் புனைபெயரையும் தேதியையும் கைப்பட எழுதி, போன் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எல்லாரும் பார்க்கப் போட வேண்டும். தல்ஹா அவசர அவசரமாக எழுதினான், சாப்பாட்டு மேசையில் வைத்தான், எடுத்தான், போட்டான். கணக்குத் திறந்தது.

தாளுக்கு அடியில் என்ன இருந்தது என்று அவன் பார்க்கவில்லை. மன்றத்துக்காரர்கள் பார்த்தார்கள். படத்தைப் பெரிதாக்கித் துப்பறிவதில் அவர்களுக்கு இணை அவர்களேதான்.

'அடியில நிச்சயதார்த்தப் பத்திரிகை மாதிரி தெரியுதே?'

'மாதிரி இன்னா, அதேதான். அச்சகத்துலேருந்து சாம்பிள் வந்திருக்கு. வாழ்த்துகள் ராக்கெட். பிரியாணி உண்டுல்ல?'

'ஓரத்துல படிங்க. அடையாறு ஜனாப் காதர் அவர்களின் மூத்த மகள்...'

'அடையாறா? இருங்க, இருங்க. நம்ம ஆலமரமும் அடையாறுதானே?'

அவ்வளவுதான். மன்றமே எழுந்து ஆடியது. மாமனாரும் மாப்பிள்ளையும் மூன்று வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறார்களாம் என்று சேதி பரவியது. புறமுதுகுப் பலகையில் தொங்கிய அந்த 'மாமனார்' பதிவை எடுத்து ஒவ்வொருவனும் புதுசாக ஒரு தடவை படித்துச் சிரித்தான். எதற்கும் இரண்டு நிமிஷத்தில் பதில் போடுகிற ஆலமரம் அன்றைக்கு மட்டும் மூன்று மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

'நடத்துங்க.'

அந்த ஒற்றை வார்த்தையைத் தல்ஹா பத்துத் தடவை படித்தான். இனி பாதி வேலை ஆகாது, முழுசாகக் காலில் விழுந்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தான்.

புதன்கிழமை, 'நூறே சரி' என்று தலைப்புப் போட்டு எழுதினான். எண்பது என்று சொன்னது தன் அறியாமை, நூறு ஏற்றியதிலிருந்து மனசே நிறைந்திருக்கிறது, ஆலமரம் ஐயாவின் நிழலில் ஒதுங்குகிறேன் என்று பத்துப் பத்தி. கடைசியில் வெட்கமே இல்லாமல் 'பேட்டரி நமக்கா, நாம பேட்டரிக்கா?' என்றும் சேர்த்தான்.

எண்பது கட்சி கொதித்தது. துரோகி என்றார்கள். ராக்கெட் கூவத்தில் விழுகிற மாதிரிப் படம் வரைந்து போட்டார்கள். பெயரை 'ராயப்பேட்டை புஸ்வாணம்' என்று மாற்றிக்கொள்ளச் சொல்லி வாக்கெடுப்பு நடத்தினார்கள். தொண்ணூறு சதவீதம் ஆதரவு. தல்ஹா எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டான். ஜுவேரியாவுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வியாழக்கிழமை காதர் பாயிடமிருந்து போன் வந்தது. குரலில் சுரத்தே இல்லை.

"தம்பி, ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கினு வீட்டுக்கு வாங்க. ஒரு விஷயம் நேர்ல கேக்கணும்."

பின்னாலேயே ஜுவேரியாவின் செய்தி: 'அத்தா நேத்துலேருந்து சரியா சாப்பிடல. என்ன பண்ணித் தொலைச்சீங்க?'

"அடப்பாவி, இன்னாடா பண்ண?" என்று ஜைதூன் பீ தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வீட்டுல போச்சு. இதுவும் போச்சுன்னா நீ அந்த சார்ஜரையே நிக்காஹ் பண்ணிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை அடையாறு போகிற ஆட்டோவில் தல்ஹா பையிலிருந்து ஒரு பவர் பேங்க்கை எடுத்துத் தன் போனில் செருகினான். எண்பத்தொன்று ஆயிற்று. எண்பத்தைந்து ஆயிற்று. தொண்ணூற்றைந்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு வலுக்கட்டாயமாகச் சோறு ஊட்டுகிற மாதிரி இருந்தது. அடையாறு பஸ் டிப்போ வந்தபோது நூறு.

காதர் பாய் கூடத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தட்டில் அல்வா, முறுக்கு, பாதாம் எல்லாம் வைத்திருந்தது. கதவோரம் ஜுவேரியா. அவள் தங்கை சிம்ரா, "வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

காதர் பாய் ஏதோ கேட்க வாயெடுத்தார். தல்ஹா முந்திக்கொண்டான்.

"மாமா, நீங்க ஒண்ணும் கேக்க வேணாம். இதைப் பாருங்க."

போனை நீட்டினான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நூறா?"

"நூறு மாமா. முழுசா."

"மனசாரவா தம்பி? யாராவது மிரட்டி எழுத வெச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க."

எவ்வளவு பெரிய மனசு என்று தல்ஹாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மனசார மாமா! மூணு வருஷம் எண்பது எண்பதுன்னு கத்தினேனே, அது அத்தனையும் முட்டாத்தனம். அந்தக் கட்சியில கீறவனெல்லாம் வேலையத்தவன், வீட்டுல மதிப்பில்லாதவன். ஒருத்தன் தேறமாட்டான். அவனுங்க சகவாசமே எனக்கு இனிமே வேணாம்."

காதர் பாயின் கண் நிறைந்து வழிந்தது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜுவேரியாவும் பதறிக்கொண்டு பின்னால் போனாள்.

"உருகிட்டாருடா மனுஷன்!" என்றாள் ஜைதூன் பீ, முக்காட்டு நுனியால் தன் கண்ணையும் ஒற்றிக்கொண்டு. "அல்ஹம்துலில்லாஹ். பொழச்சேடா நீ."

தல்ஹாவுக்கு ஒரு வாரத்தில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு வந்தது. பசியும் வந்தது. அல்வாவை எடுக்கக் கையை நீட்டினான்.

அதற்குள் சிம்ரா வந்து தட்டை இழுத்துக்கொண்டாள். "கொஞ்சம் கையை எடுங்கண்ணே" என்றாள்.

"அண்ணேவா? இன்னாம்மா, மச்சான்னு இல்ல கூப்பிடுவ?"

சிம்ரா உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஆலமரம் எவனோ, எங்க அத்தா எண்பது கட்சி. அன்னிக்கு அந்த வரியைச் சொன்னதே நீங்க அவனுக்குக் குடுக்கற பதிலடியை நேர்ல கேக்கத்தான். தலைவரே நமக்கு மாப்பிள்ளையா வர்றாருன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சவரு, இப்ப கட்சி மாறினவனுக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லிட்டாரு."