கிரகோரி நடத்திய சாலை விதி வகுப்பு

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் கார் ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். கார் ஓட்டுவதை ஒரு பதவியாகவே நினைத்து வாழ்பவர் கிரகோரி ஒருவர்தான். வயது ஐம்பத்தாறு. ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். அங்கே அவர் பேச்சை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பையன்கூட மதிப்பதில்லை. அந்தக் குறையெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை மைவி காரில் ஏறிச் சாவியைத் திருகியதும் தீர்ந்துவிடும். வீட்டில் அவர்தான் ராஜா. அவர் மனைவி கெர்ட்ரூடுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதைத் தவிர அந்த ராஜ்ஜியத்துக்கு வேறு அஸ்திவாரம் கிடையாது.

மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமென்றால் கெர்ட்ரூட் அவரிடம் கேட்க வேண்டும். உலு திராமில் இருக்கும் தங்கை ஜோஆன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே கேட்க வேண்டும். கிரகோரி "பாக்கலாம்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் அமைச்சர் களை வரும்.

சனிக்கிழமை காலையில் மட்டும் எதையும் கேட்கக் கூடாது. அன்று அவர் காரைக் கழுவப் போவார். கழுவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். மீதி மூன்றேகால் மணி நேரம் ரொட்டி சானாய் கடையில் நண்பர் ஐயாசாமியோடு உட்கார்ந்து, இந்த நாட்டில் ஒருத்தனுக்கும் ஒழுங்காகக் கார் ஓட்டத் தெரியவில்லையே என்று வருத்தப்படுவார். மற்ற ஆறு நாளும் அவர் உயிரோடு இருந்ததே அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கிளினிக் கவுண்டர் வேலை முடிந்து வந்த கெர்ட்ரூட், கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னங்க, நான் எல் லைசன் எடுக்கப் போறேன். ஸ்கூடாய்ல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல பேரு குடுத்திட்டேன்."

கிரகோரிக்குத் தேநீர் புரையேறியது. "எதுக்கு?"

"ஓட்டறதுக்கு."

"நான்தான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்க. காரு இருக்கறதில்ல."

"இந்த வயசுல ஒனக்கு ஏன் இந்த வேல? மொதல்ல கம்ப்யூட்டர்ல டெஸ்டு. அம்பது கேள்வி. நாப்பத்திரெண்டு சரியா போடணும்."

"தமிழ்லயே கேக்கறாங்களாம். பாத்துக்கலாம்." அடுப்படிக்குப் போனவள் திரும்பி நின்றாள். "லைசன் கையில வந்துட்டா சனிக்கெழம காரு எனக்கு. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் சொல்லலன்னு சொல்லக் கூடாது."

கிரகோரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கெர்ட்ரூட் அந்தத் தேர்வில் தேறவே கூடாது என்று முடிவு கட்டினார். ஆனால் எப்படி? தடுக்கலாம் என்றால், கெர்ட்ரூடைத் தடுத்து ஜெயித்ததாக அந்தக் குடும்பத்தில் இதுவரை தகவல் இல்லை. யோசித்து யோசித்து, கடைசியில் அவர் மூளைக்கு எட்டியது ஒரே வழிதான். உதவி செய்வது.

சனிக்கிழமை ஐயாசாமியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நானே பாடம் சொல்லிக் குடுக்கப் போறேன். எல்லாத்தையும் தலகீழா."

"வெளங்கல."

"சரியான பதிலு எனக்குத் தெரியும் இல்ல? அதுக்கு நேர் எதிரா சொல்லுவேன். அவ அப்படியே போய் போடுவா. அம்பதுக்குப் பத்து வந்தா பெருசு."

"பாவம் இல்லையா?"

"அதுக்குத்தான் சர்ச்சுல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் இருக்கு."

ஐயாசாமி ஒரு தடவை கிரகோரியின் காரில் குளுவாங் வரைக்கும் போய் வந்தவர். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போகிறார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ரொட்டி வந்துவிட்டது.

இந்த மாதிரித் திட்டத்துக்கு ஒன்றே ஒன்று தேவை. சரியான பதில் எது என்பது திட்டம் போடுகிற ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிரகோரிக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. அவர் லைசன்ஸ் எடுத்த காலத்தில் மூன்று கேள்வி வாயால் கேட்டார்கள். மூன்றும் சாலையோரப் பலகைப் படங்கள். அதோடு புத்தகத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு முடிந்தது. மீதியைச் சாலையிலேயே கற்றுக்கொண்டார், அதாவது தன்னைப் போலவே ஓட்டுகிற மற்றவர்களிடமிருந்து. முப்பத்திரண்டு வருஷம் கார் ஓட்டியவன் புத்தகத்தைத் திறந்து பார்ப்பது கேவலம் என்பது அவர் எண்ணம்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் வகுப்பு ஆரம்பமானது. கெர்ட்ரூட் புது நோட்டைப் பிரித்து, பேனாவை உதறி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்தாள்.

"மஞ்ச லைட்டு விழுந்தா என்ன செய்யணுங்க?"

கிரகோரியின் வலது கால் மேசைக்கடியில் தானாக அழுந்தியது. மஞ்சள் விழுந்தால் மிதிக்க வேண்டும், சிவப்பு வருவதற்குள் தாண்டிவிட வேண்டும். இதுகூடவா ஒரு கேள்வி?

"நிறுத்தணும்" என்றார்.

"நிறுத்தணுமா?"

"பத்திரமா நிறுத்த முடிஞ்சா நிறுத்திடணும்." பொய்க்கும் கொஞ்சம் நகாசு வேலை வேண்டும் என்று நினைப்பவர் அவர்.

கெர்ட்ரூட் எழுதிக்கொண்டாள். "புலாத்தான்ல, அந்த ரவுண்டானாவுல, சுத்தும்போது யாருக்கு வழி விடணும்?"

யாருக்கும் விடக் கூடாது. எவனுக்குத் துணிச்சல் இருக்கிறதோ அவன் முதலில் போவான். "வலது பக்கம் வர்ற வண்டிக்கு விடணும். அது போற வரைக்கும் காத்திருக்கணும்." எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் ஜொகூர் பாருவில் ஒருத்தன் வேலைக்குப் போய்ச் சேர மாட்டான் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"முன்னால போற காருக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் இருக்கணும்?"

நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைய முடியாத தூரம். "ரெண்டு செகண்டு தூரம். மழைன்னா நாலு."

"ஜீப்ரா கோட்டுல ஆளு நின்னா?"

ஹார்ன் அடித்தால் ஓடிவிடுவார்கள். "நாம நிக்கணும். அவங்க கடந்து போற வரைக்கும்."

"ஹைவேல ஓரத்துல அவசரப் பாதைன்னு ஒண்ணு இருக்கே, அது யாருக்கு?"

அவசரமாகப் போகிறவர்களுக்கு. பெயரிலேயே இருக்கிறது. கிரகோரி மோவாயைத் தடவி, மனசாட்சி இல்லாமல் சொன்னார். "ஆம்புலன்சு, போலீசு, தீயணைக்கிற பொம்பா மாதிரி வண்டிங்களுக்கு. ஜாமுன்னு சொல்லி நாம அதுல போகவே கூடாது."

"நிச்சயந்தானே?"

"யாரக் கேக்கற? முப்பத்திரெண்டு வருஷம் லா."

இப்படியே இரண்டு வாரம் போனது. நோட்டு நிரம்பியது. வாத்தியாருக்குத் தினம் பால் கூடுதலாக விட்ட தேநீரும் பருப்பு வடையும் வந்தன. பொய் சொல்வதற்கு இத்தனை உபசாரமா என்று சில சமயம் அவருக்கே கூச்சமாக இருக்கும். உடனே சனிக்கிழமையை நினைத்துக்கொள்வார். கூச்சம் போய்விடும்.

தேர்வு நாள் வந்தது. கிரகோரி அன்றைக்கு லீவு போட்டார். தோற்று வருகிறவளை நேரில் பார்க்காவிட்டால் இவ்வளவு பாடுபட்டதற்கு என்ன பலன்?

ஸ்கூடாய் போகிற வழியெல்லாம் ஜாம். பக்கத்து சீட்டில் கெர்ட்ரூட் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும் வழியில் படித்தால் குழம்பும் என்று நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலை சொல்கிறாள் என்று கிரகோரிக்குப் புரிந்தது. தாம் சொல்லிக் கொடுத்த பொய்களைப் போடுவதற்கு மாதாவைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். அவருக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. கெர்ட்ரூடை அவருக்குப் பிடிக்கும். சாவியைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

"ரெண்டு கேள்வி விட்டுப்போச்சுங்க" என்றாள். "பெரிய மழைல ஓட்டிக்கிட்டே போகும்போது நாலு பக்க சிக்னலையும் போடலாமா?"

கிரகோரி கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு பதில் சரியாகப் போட்டு அவள் பாஸாகிவிடப் போவதில்லை. பூஜ்யத்தோடு வெளியே வந்து பலர் முன்னால் அழாமல் இருப்பாள். போகட்டும், இரண்டே இரண்டு உண்மை சொல்லி வைப்போம்.

"போடணும். கண்டிப்பா போடணும். பின்னால வர்றவனுக்கு நம்ம வண்டி தெரிய வேணாமா?"

"ஓடும்போதே டயரு வெடிச்சா?"

"பிரேக்க இறுக்கி அமுக்கிப் புடிச்சிடு."

மனசு லேசானது. இந்த இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை.

டிரைவிங் ஸ்கூல் வந்ததும் கெர்ட்ரூட் உள்ளே போனாள். கிரகோரி வெளியே இருந்த கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஆறுதல் வசனத்தைச் சொல்லிப் பார்த்தார். "பரவால்ல லா, கார் ஓட்டறது எல்லாருக்கும் வர்றதில்ல." குரலில் சோகம் போதவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை ஓரளவு அமைந்தது. அரை மணி நேரத்துக்கெல்லாம் கெர்ட்ரூட் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"பரவால்ல லா" என்று ஆரம்பித்தார்.

"நாப்பத்தெட்டு."

"நூத்துக்கா?"

"அம்பதுக்கு."

கிரகோரி தாளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "நான் சொல்லிக் குடுத்தத நீ போடலயா?"

"அப்படியே போட்டேன். ஒண்ணு விடாம."

கிரகோரி தாளை மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷமாகத் தாண்டிய மஞ்சள் விளக்குகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. கெர்ட்ரூட் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"நீங்க தலகீழா சொல்லிக் குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"இருபத்தேழு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்து வர்றேன். நீங்க ஓட்டறது எனக்குத் தெரியாதா? நான் லைசன் எடுக்கறேன்னா நீங்க வாத்தியாரா வந்து உக்காராம விட மாட்டீங்க. நல்ல மனசோட சொல்லிக் குடுத்தீங்கன்னா நான் ஃபெயிலு. அதான் சனிக்கெழம காரு எனக்குன்னு மொத நாளே ஒரு போடு போட்டேன். ஒங்க மனசு கெட்டாத்தான் எனக்குப் படிப்பு வரும்."

"அலமாக்" என்றார் கிரகோரி.

"அப்பவும் முழுசா நம்பல. தெனம் மத்தியானம் கிளினிக்ல புத்தகத்தோட ஒத்துப் பாத்தேன். ஒண்ணுகூடத் தப்பில்ல. உண்மையா சொல்றேன், புத்தகத்தவிட நீங்க சொன்னதுதான் நல்லா வெளங்குச்சு."

கல்யாணமான நாளிலிருந்து கெர்ட்ரூட் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இனிமே வண்டி ஓட்டற வகுப்பு. சனிக்கெழம காலைல எட்டுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எடம் வாங்கிட்டேன். நீங்கதான் கொண்டாந்து விட்டு, காத்திருந்து கூட்டிட்டுப் போகணும். இதே பெஞ்சுல உக்காந்திருங்க, காத்து நல்லா வருது."

லைசன்ஸ் கைக்கு வருவதற்குப் பல வாரம் முன்பே சனிக்கிழமை கையை விட்டுப் போய்விட்டது. ஐயாசாமி தனியாக ரொட்டி தின்பது கிரகோரியின் கண் முன்னால் தெரிந்தது. எதையாவது பிடித்துக்கொண்டு தலை நிமிரலாமா என்று தாளை மறுபடி பார்த்தார்.

"நாப்பத்தெட்டுதானே வாங்கியிருக்க" என்றார் இளக்காரமாக. "ரெண்டு தப்பு. அதெல்லாம் என்னையக் கேக்காம நீயா போட்டிருப்ப."

கெர்ட்ரூட் தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"உள்ள இருந்த டீச்சர்கிட்ட கேட்டுட்டேன். மழைல ஓடும்போது நாலு பக்க சிக்னலு போடக் கூடாதாம். டயரு வெடிச்சா பிரேக்க அமுக்கக் கூடாதாம். காலைல பாவம் பாத்து உண்மையா சொன்னீங்களே, அந்த ரெண்டுந்தான்."