எண்ணெய் போட்ட ஸ்டிக்கும் மச்சான் வீட்டு டேபிளும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதற்கு வேண்டிய சாமான்களை வாங்கிவிடுவேன். கிடார் வாங்கியிருக்கிறேன், அதன் உறையைத் திறந்தது இரண்டே தடவை. ஓடுவதற்கு ஷூ வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு ஓடியது ஒரே ஒரு நாள், அதுவும் ஒடுகத்தூர் பஸ் கிளம்பிவிட்டதால். சாமான் நல்லதாக இருந்தால் திறமை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று மனதார நம்புகிறவன் நான். இந்த நம்பிக்கையால் ஏழு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது பவித்ரா வேலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பார்வையைச் சோதித்துக்கொள்ளப் போன இடத்தில் அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. (பவர் அரைதான். ஆனாலும் ஆறு மாதத்தில் நாலு தடவை சோதித்துக்கொண்டேன்.) அவளுக்கும் சம்மதம், என் வீட்டிலும் சம்மதம். பாக்கி அவளுடைய அண்ணன் மணிமாறன் ஒருவர்தான். அப்பா இல்லாத குடும்பம். அவர் தலையாட்டினால்தான் எதுவும் நடக்கும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் அவர்களுக்குச் சாமை போடுகிற நிலமும், புளிய மரங்களும், வெளியூர்க்காரர்கள் வந்து தங்க நாலு ரூம் வைத்த ஒரு லாட்ஜும் உண்டு.

அந்த லாட்ஜ் ஹாலில் ஒரு ஸ்னூக்கர் டேபிள் இருந்தது. பச்சைத் துணி விரித்த மேஜை, ஆறு பொந்து, பதினைந்து நம்பர் பந்து, ஸ்டிக்கால் குத்திவிட்டு அவற்றைப் பொந்தில் தள்ள ஒரு வெள்ளைப் பந்து. (இந்த ஆட்டத்துக்குச் சரியான ஆங்கிலப் பெயர் வேறு. அதை எங்கள் பக்கம் பெண்டு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதனால் எல்லாருக்கும் இது ஸ்னூக்கர்தான்.) மணிமாறனுக்கு அந்த டேபிள்தான் உயிர்.

பவித்ரா ஒருநாள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"எங்க அண்ணன் ஜாதகம்லாம் பாக்க மாட்டாரு. ஒரு ஆட்டம் ஆடிப் பாப்பாரு. ஏற்கெனவே ரெண்டு மாப்பிள்ளைய அப்படித்தான் திருப்பி அனுப்பினாரு. உங்களுக்கு ஆடத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலே எழுத்தில் வேலை முடிந்திருக்கும். நானோ, வேலூரில் வந்து என் பேரைச் சொல்லிக் கேட்டுப் பார் என்றேன். வேலூரில் நான் அந்த ஆட்டத்தை மொத்தம் மூன்று தடவை பார்த்திருந்தேன், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்.

அவள் அண்ணனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார் அவர். ஃபோனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். இடது கையை மேஜையில் ஊன்றி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பள்ளம் பண்ணி, அதில் ஸ்டிக்கை ஓடவிட வேண்டும். வலது கை பிடி தளர்வாக இருக்க வேண்டும். முழங்கை மட்டும் ஊஞ்சல் ஆட வேண்டும். எல்லாம் மனப்பாடம். ஆனால் வேலூரில் டேபிள் போட்டிருந்த ஒரு மாடியில் காசு கட்டி ஆடிப் பார்த்தபோது பந்து நான் சொன்ன பக்கம் மட்டும் போகவில்லை. உடனே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. அங்கே இருந்த ஸ்டிக்குகள் கோணல்.

இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற ஸ்டிக் ஒன்றை வரவழைத்தேன். நடுவில் பித்தளை மரை, முனையில் பொத்தான் அளவு தோல், வைத்துக்கொள்ள நீளமான கறுப்புப் பெட்டி. பெட்டியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கே என்மீது மரியாதை வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் சும்மா தோற்றுவிட்டு வந்திருப்பேன். எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. மண்வெட்டியோ, கடப்பாறையோ, கோடாலியோ, புதுப் பிடி எது வந்தாலும் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்து ஊறவிட்ட பிறகுதான் கையில் எடுப்பது. மரம் வெடிக்காது, வளையாது. அப்பா வேர்க்கடலை போட்ட மணிலாக் கொல்லைக்குப் போகிற செருப்புக்கும் அதே எண்ணெய்தான், தோல் இறுகாமல் இருக்க. இவ்வளவு ஆசையாய் வாங்கின ஸ்டிக்கை எண்ணெய் காட்டாமல் மலைக்கு எடுத்துப் போக எனக்கு மனசு வரவில்லை. மூன்று நாள், மூன்று பூச்சு. முனைத் தோலுக்கு மட்டும் நாலு பூச்சு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். பவித்ராவின் அம்மா வெங்காய பஜ்ஜி போட்டுக்கொடுத்தார். மணிமாறன் எதிர் நாற்காலியில் இருந்தார். என் பெட்டியைப் பார்த்தார், அதிலிருந்து இரண்டு துண்டை எடுத்து நான் மரை திருகுவதைப் பார்த்தார், பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பவித்ராவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவர் முதலில் அடித்தார். பந்துகள் சிதறின. மூன்றைப் பொந்தில் தள்ளிவிட்டு என்னைப் பார்த்து, ஆடு தம்பி, என்றார்.

முனைக்கு நீலச் சாக்கட்டி தேய்க்க வேண்டும், அப்போதுதான் பந்தில் வழுக்காது. இது எனக்குத் தெரியும். தேய்த்தேன். எண்ணெய் குடித்த தோலில் சாக்கட்டித் தூள் ஒட்டாமல் நீலக் களிம்பாகத் திரண்டது. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்தேன். விரலுக்கு நடுவில் ஸ்டிக்கை ஓடவிட்டேன். அது ஓடவில்லை. விளக்கெண்ணெய் காயாது, பிசுக்காகத்தான் நிற்கும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. தளர்ந்த பிடி, ஊஞ்சல் முழங்கை எல்லாம் மறந்துபோய், கல்லைப் பேர்க்கிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு குத்து குத்தினேன். ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக் திடீரென்று விடுபட்டுப் பாய்ந்தது. முனை வெள்ளைப் பந்தின் தலையில் வழுக்கி, பச்சைத் துணிக்குள் இறங்கி, ஒரு சாண் நீளத்துக்குப் பர்ரென்று கிழித்துக்கொண்டு போய் நின்றது.

வெள்ளைப் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

சமையல்கட்டில் பஜ்ஜி பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணே, எனக்கு ஆடத் தெரியாது. பொய் சொல்லிட்டேன். பவித்ராவ எனக்குக் கட்டிக்குடுக்க மாட்டீங்களோன்னு பயந்து சொன்னேன்."

அவர் எழுந்து வந்து கிழிசலைத் தடவிப் பார்த்தார். பிறகு என் ஸ்டிக்கை எடுத்து மூக்குக்குக் கிட்டே வைத்தார்.

"இன்னா தம்பி, விளக்கெண்ண வாசம் வருது?"

"மூணு தடவ போட்டேண்ணே."

"முனைக்குமா?"

"தோலு வெடிச்சிடக் கூடாதுன்னு அதுக்கு நாலு."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, ஒரு பெரிய மனுஷனை அழவைத்துவிட்டோமே என்று பதறிப்போனேன். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். பவித்ராவும் அவ்வளவு நேரம் சிரிப்பைத்தான் அடக்கிக்கொண்டிருந்தாளாம், பாவி.

மூச்சு வாங்கியதும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மா, ஊசி நூலு எடுத்துட்டு வா. அப்படியே மாப்ளைக்கு இன்னும் ரெண்டு பஜ்ஜி வையி."

தம்பி போய் மாப்ளை வந்துவிட்டது. எங்கள் பக்கம் அதற்கு மேல் தனியாகச் சம்மதம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அந்த இரண்டு பஜ்ஜியையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டேன், அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணம் முடிந்த பிறகு ஒருநாள், எப்படி மச்சான் ஒத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். முதலில் வந்த இரண்டு பேரும் அவரைவிட நன்றாக ஆடுகிறவர்களாம். பெண் கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தார்களாம்.

"எங்கிட்டயே நடிக்கறவன் எந்தங்கச்சிகிட்ட இன்னா இன்னா நடிப்பான்? நீங்களும் பொய் சொன்னீங்கதான். ஆனா மொத அடியிலயே நீங்களே வந்து ஒத்துக்கினீங்க. தவிர, அந்த மாதிரி ஒரு அடிய எவனாலயும் நடிச்சு அடிக்க முடியாது மாப்ள."

துணியை மாற்றச் சொல்லி நான் எத்தனையோ தடவை கெஞ்சியாயிற்று. மாற்றவே மாட்டேன் என்கிறார். மாமியார் பச்சை ரவிக்கைத் துணி வைத்துப் போட்ட ஒட்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. அதன் பேர் 'மாப்ள ஒட்டு'. அந்தப் பக்கம் போகிற எந்தப் பந்தும் நேராகப் போகாது, தட்டித் திரும்பிவிடும்.

போன லீவுக்கு நாங்கள் போயிருந்தபோது பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து தங்கியிருந்தார், நல்ல ஆட்டக்காரர். அவர் அடித்த பந்து ஒட்டில் ஏறி எங்கேயோ போனது. இது என்ன என்று கேட்டார். நான் டீ டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தேன். மணிமாறன் என்னைக் கை காட்டி, எங்க மாப்ள ஆடின இடம் என்றார். அவர் அவ்வளவு நன்றாக ஆடுவாரா என்று பெங்களூர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

மச்சான் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை.

"அவரு ஒரே ஒரு அடிதாங்க அடிச்சாரு. அதுக்கப்புறம் இந்த டேபிள்ல எவனாலயும் ஒழுங்கா ஆட முடியல."

பெங்களூர்க்காரர் என் கையிலிருந்த டீத் தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.