பெண் டாக்டர் ஆண்ட்ரியா

இருபத்திரண்டு வயதில் எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கொல்லிமலை மேலிருந்த எங்கள் சின்ன அலுவலகத்தில் துரையை விட்டால், அதை மறுத்துப் பேச இங்கிலீஷ் தெரிந்த இன்னொருவர் இல்லை. என் கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. நடந்து ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் தோளில் சுமக்கும் டோலி. நான் தற்காலிக குமாஸ்தா. என்னை நிரந்தரமாக்கலாமா என்று துரை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இத்தாலியிலிருந்து வந்திருக்கும் டாக்டர் ஆண்ட்ரியா வியாழக்கிழமை புளியஞ்சோலை வழியாக மலையேறுவதாகவும், டோலியும் தங்க இடமும் தயாராக இருக்க வேண்டும் என்றும் இரண்டே வரி.

முந்தைய துரையின் மகள் பெயர் ஆண்ட்ரியா. (குதிரையிலிருந்து சரிந்து என் மேலேயே விழுந்த பெண். மறக்க முடியுமா?) ஆகவே, வருவது பெண் டாக்டர். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்!

விறகு கொண்டுவந்த சடையனிடம் பெருமையாகச் சொன்னேன். மலைமேலேயே ஆலத்தூர் நாடு என்ற பகுதியின் விவசாயி அவர். விறகை அப்படியே கீழே போட்டார்.

“நெசமாங்களா சாமி? எம் பொண்டாட்டிக்கு இது பத்தாம் மாசமுங்க. மொதப் புள்ள தங்கலீங்க.”

“கூட்டிக்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றேன், நானே பிரசவம் பார்க்கப்போகிறவன் போல.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றி டோலிக்குக் கட்டி, சுமப்பவர்களோடு கீழே அனுப்பினேன். கண்ணாடி, சீப்பு, வாசனை சோப்பு, மல்லிகைச் சரம் எல்லாம் அறையில் வைத்தேன். சீப்பை மட்டும் நாலு தடவை இடம் மாற்றினேன். வியாழக்கிழமை காலை, வாசலுக்கும் மலைப்பாதை வளைவுக்கும் நடந்து நடந்து செருப்பு அறுந்தது. அதற்குள் சேதி பரவி, முற்றத்தில் இருபது பெண்கள் காத்திருந்தார்கள். சடையனின் மனைவி வெள்ளையம்மா சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்தபடி, “வந்துட்டாங்களா சாமி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பத்து மணிக்கு டோலி வந்தது. ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். காலி! டோலிக்குப் பின்னால், செம்பட்டைத் தாடியோடு ஆறடி மனிதர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். கையில் பெரிய சுத்தியல்.

“அம்மையார் எங்கே?” என்று இங்கிலீஷில் கேட்டேன்.

“எந்த அம்மையார்? நான்தான் ஆண்ட்ரியா.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே விளக்கினார். அவர்கள் ஊரில் அது சுத்தமான ஆண்பிள்ளைப் பெயராம். கிரேக்கத்தில் ‘ஆண்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததாம். இங்கிலீஷ்காரர்கள்தான் அதைப் பெண்களுக்கு வைத்துவிட்டார்களாம். தவிர, அவர் படித்த டாக்டர் பட்டம் பாறைகளைப் பற்றியது.

சடையன் அந்தச் சுத்தியலையே பார்த்தார். “ஏனுங்க சாமி, இதை வெச்சா பிரசவம் பாப்பாரு?”

“இல்லீங்க. கல்லு பாப்பாரு.”

“பேரு என்னங்க?”

“ஆண்ட்ரியா.”

“பேரே ஆணுன்னுதானுங்களே ஆரம்பிக்குது! படிச்சவிங்க, பொம்பளைன்னு சொல்லிட்டீங்களே!”

முற்றமே சிரித்தது. வெள்ளையம்மாவும் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக் குனிந்தாள். வலி கண்டுவிட்டது.

என் பேச்சை நம்பி நடந்து வந்தவள். இத்தாலிக்காரர்தான் முதலில் அசைந்தார். டோலியைக் காட்டி, “இவளைக் கீழே கொண்டுபோங்கள்” என்றார். சுமப்பவர்கள் களைத்திருந்ததால் ஒரு பக்கம் சடையனும் இன்னொரு பக்கம் நானும் தோள் கொடுத்தோம். இறங்கும்போது இரண்டு தடவை வழுக்கினேன். திரைக்குள்ளிருந்து, “பாத்துப் போங்க சாமி” என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். அடிவாரத்தில் மாட்டுவண்டி பிடித்துத் துறையூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

துரை மட்டும் நலமாக இல்லை. பாறை ஆராய வந்தவர் அறையில் மல்லிகைச் சரம் எதற்கு என்று கேட்டார். என் பதிலைக் கேட்டபின், வேலை நிரந்தரமாவது இரண்டு வருடம் தள்ளிப்போனது.

கல்யாணமான மறு வாரமே இதை மனைவியிடம் உளறிவிட்டேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் ஆணா, பெண்ணா என்று முதலில் என்னைத்தான் கேட்பாள். நான் “ஆண்” என்பேன். உடனே அவள் உள்ளே போய்ப் பாவாடை தைக்கத் துணி எடுப்பாள்.