துலுக்காணத்துக்கு இரண்டு நிமிடம்

தகடு செய்யும் தொழிற்சாலைகள் உலகத்தில் ஆயிரம் உண்டு. தகட்டோடு கண்ணீரும் உற்பத்தி செய்தது, கும்மிடிப்பூண்டியில் எங்களுடையது ஒன்றுதான். தொழிலாளர் நலக்குழுவின் காரியதரிசி பூவராகவன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

தகடு உருட்டும் மெஷினில் கை சிக்கித் துலுக்காணம் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. 1974 ஆவணியில் முதலாமாண்டு நினைவு நாளைக் 'கொண்டாட' முடிவு செய்தோம். அதற்கு மூன்று கூட்டங்கள். முதல் கூட்டம், பன்னா பிஸ்கட்டா என்பதில் முடிந்தது. இரண்டாவதில், அவன் மனைவி செங்கம்மாளுக்கு நாற்காலி போடலாமா என்ற சிக்கல். நாற்காலி சூப்பர்வைசருக்கு மேல்தான். விதவை எந்தக் கிரேடு? விதிகளில் இல்லை. பெஞ்சு போட்டோம்.

மூன்றாவது கூட்டம் போட்டோவுக்காக. அவன் தனியாகப் படம் எடுத்துக்கொண்டதே இல்லை. திறப்பு விழாக் கும்பல் படத்திலிருந்து வெட்டியெடுத்துப் பெரிதாக்கினோம். கூடவே மானேஜரின் பாதித் தோளும் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்தே மாலை விழுந்தது.

விழாவுக்குச் செங்கம்மாள் பொன்னேரியிலிருந்து மகளோடு ரயிலில் வந்தாள். துலுக்காணத்தோடு அதே மெஷினில் வேலை பார்த்த நூர் முகம்மது அவர்களை அழைத்துவந்து உட்காரவைத்தான்.

மானேஜர் பேச எழுந்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த அதே மெஷினின் சத்தத்தில் "அன்புச் சகோதரன்" என்பது யார் காதிலும் விழவில்லை. முகம் சுளித்துக் கையைக் காட்டினார். நூர் முகம்மது எட்டிப் பொத்தானைத் தட்டினான். மெஷின் நின்றது. எல்லோரும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். எனக்கே கண் கலங்கியது.

மௌனம் முடிந்ததும் செங்கம்மாள் நூர் முகம்மதைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணே, இத நிறுத்த இம்மாம் நேரந்தானா?"

"ஆமாம்மா. ஒரு தட்டு."

"அன்னிக்கு ஏன் தட்டல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மானேஜர் கையெழுத்து இல்லாம நிறுத்துனா சீட்டக் கிழிச்சிருவோம்னு சூப்பர்வைசர் கையப் புடிச்சிக்கினாரு. கையெழுத்து வர்றதுக்குக் கால் மணி நேரம் ஆயிப்போச்சி. பயந்துக்கினு நின்னேம்மா. மன்னிச்சிரு."

செங்கம்மாள் எழுந்தாள். பன்னைப் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். நூர் முகம்மதும் பின்னாலேயே போனான். அவர்களுக்காக மெஷின் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றிருந்தது. மானேஜரின் பெருந்தன்மை அப்படி.

எங்கள் தொழிற்சாலையின் ஒழுங்குக்கு ஒரே ஒரு சான்று சொல்லி முடிக்கிறேன். அன்றைக்கு அந்தக் கையெழுத்தை வாங்கிவரப் போனவன் நான்தான். துலுக்காணத்தின் அலறல் ஆபீஸ் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் நான் நடந்துதான் போனேன். வராந்தாவில் ஓடக்கூடாது என்பது விதி.