சோத்துக்கைத் தத்துவம்

மனிதகுலம் தன் வலக்கையைப் பற்றி அறிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி ஜவ்வாது மலையில் கண்டுபிடிக்கப்பட்டது. அதே மலையில், காவலூரில், பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்குக் கிடைத்த பெயர், கையைப் பார்த்த டாக்டர் சக்கரவர்த்திக்குக் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. நட்சத்திரம் தூரத்தில் இருக்கிறது. தப்பாகப் பார்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கை அப்படியல்ல.

கைக்குச் சொந்தக்காரி மங்கம்மாள். புளி தட்டுகிறவள். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்கிற வேலை. மாசி பிறந்தால் சந்தவாசல் வியாபாரி கிருஷ்ணன் மலைக்கு லாரி கொண்டுவந்து கொட்டகை போடுவார். மங்கம்மாள் வீட்டில் அந்த வருஷத்துச் சோறு அங்கேதான் தொடங்கும். போன மாசியில் கிருஷ்ணன் அவள் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாம்மா கை இது, மீனு செதிலாட்டம்?"

"ஒட்டுற வியாதி இல்லீங்க. வெறும் சொறிதாங்க."

"எனக்கு ஒட்டாது, புளியில ஒட்டும். ரெண்டு கையும் சுத்தமாயிட்டு வா."

"வலது கை கொஞ்சம் பரவால்லீங்களே."

"ஒத்தக் கையால கொட்டை எடுப்பியா? போம்மா."

அந்த வருஷம் அவள் வீட்டில் சாமைச் சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி நீராகாரமாயிற்று. அடுத்த மாசிக்குள் இரண்டு கையும் தேறியாக வேண்டும்.

ஐப்பசி மழையில் கணியம்பாடி வழியாக ஒரு ஜீப் மேலே வந்தது. அதிலிருந்து டாக்டர் சக்கரவர்த்தியும் விஞ்ஞானமும் இறங்கினார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம்.

மங்கம்மாளைப்போல் இரண்டு கையிலும் செதில் உள்ளவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். டாக்டர் நோயை விளக்கினார். விளக்குவதில் அவருக்கு ஈடில்லை. தோல் என்பது ஓர் அலுவலகம். அடித்தளத்தில் பிறக்கிற செல், பக்குவப்பட்டு, மேல்தளத்துக்கு வந்து, ஓய்வு பெற்று உதிர ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் வந்த தோலில் இந்த ஒழுங்கு கெடுகிறது. பக்குவப்படாத செல்கள் நாலைந்து நாளில் மேலே ஓடிவந்து குவிகின்றன. குவிந்தது செதிலாகிறது. நாட்டில் கோப்பு இவ்வளவு வேகமாக நகரும் ஒரே அலுவலகம் அதுதான் என்றும், அந்த வேகத்தைக் குறைக்கவே தாம் வந்திருப்பதாகவும் டாக்டர் சொன்னார். அரசாங்கம் பணம் தந்ததில் வியப்பில்லை.

பிறகு ஆளுக்கு இரண்டு டப்பா தந்தார். சிவப்புக் காகிதம் ஒட்டியது வலக்கைக்கு. நீலக் காகிதம் ஒட்டியது இடக்கைக்கு.

"ஒன்றில் மருந்து. இன்னொன்றில் மருந்தில்லாத வெறும் களிம்பு. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே வெயில். வித்தியாசம் களிம்பு மட்டும்தான். ஆகவே ஒரு கை தேறி மறுகை தேறாவிட்டால், அது மருந்தின் வேலை. புரிகிறதா?"

அழகான ஏற்பாடு. மங்கம்மாளுக்குக்கூடப் புரிந்தது.

"எதுல சார் மருந்து கீது?" என்று கேட்டார் கருப்பன். மங்கம்மாளுக்கு உறவில் அண்ணன் முறை; இரண்டு கையிலும் அதே செதில்.

"ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காசு சுண்டிப் போட்டு முடிவு செய்தது. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்போ யாருக்குதான் தெரியும்?"

"கீழே ஆய்வு நிலையத்தில் ஒரு பீரோவில் எழுதிப் பூட்டியிருக்கிறது."

கருப்பன் திரும்பி, பின்வரிசைக்கு அறிவித்தார்: "பீரோவுக்குத் தெரியுமாம்பா."

கண்டுபிடிக்க முடியாதபடி டாக்டர் வெறும் களிம்பிலும் கரி கலந்து கறுப்பாக்கியிருந்தார். கண்ணை ஏமாற்ற வேண்டும் என்று முறைநூலில் சொல்லியிருந்தது. மூக்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மருந்து என்பது நிலக்கரித் தார். மலைப்பாதைக்குத் தார் போட்டபோது சட்டி சுமந்தவர்கள் அந்த வரிசையில் பாதிப்பேர். பள்ளிக்கூடத்து வேலியைத் தாண்டுவதற்குள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, பீரோ காத்த ரகசியத்தை அறிந்துகொண்டார்கள்.

சிலருக்குச் சிவப்பு டப்பாவில் தார் இருந்தது. அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். மங்கம்மாளுக்கும் கருப்பனுக்கும் இன்னும் பலருக்கும் நீலத்தில் இருந்தது.

கருப்பன் கொதித்தார். "இன்னா அநியாயம் இது! சோறு துன்ற கைக்குச் சும்மா கரி, கால் கழுவுற கைக்கு மருந்தா? கோயில்ல துன்னூறு எந்தக் கையில வாங்குவான் இந்த ஆளு?"

"திட்டாதண்ணே. படிச்சவரு வேணும்னா செய்வாரு? ஒட்டுறப்ப காகிதம் மாறிப்போச்சு."

"போய்ச் சொல்லலாமா?"

"அத்தினி பேரு எதுர்ல தப்புன்னு சொன்னா அவுருக்கு அவமானமாப் பூடும். நாமளே சரி பண்ணிக்கலாம்."

அன்று சாயங்காலம் பல வீடுகளில் வெந்நீர் காய்ந்தது. காகிதங்கள் பூப்போல உரிக்கப்பட்டு, களிப்பசையால் இடம் மாற்றி ஒட்டப்பட்டன. சிவப்பு வலக்கைக்கு, நீலம் இடக்கைக்கு என்ற விதி அதன்பின் ஒரு வேளைகூட மீறப்படவில்லை. இரண்டு கைக்கும் தாரையே பூசியிருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கைக்குத்தான் மருந்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்களும் சரி என்று தலையாட்டியிருந்தார்கள். மலையில் தலையாட்டினால் அது வாக்கு.

மார்கழியில் மங்கம்மாளின் வலக்கைச் செதில் உதிர்ந்து, கீழே புதுத்தோல் தெரிந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் முந்தானையை இழுத்து மூடாமல் சாப்பிட்டாள். இடக்கை மடிக்குள் மறைந்திருந்தது.

டாக்டர் எல்லாக் கைகளையும் குறித்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தார். வலக்கைகள் எல்லாம் தேறியிருந்தன. பீரோவின் கணக்குப்படி அவற்றில் பாதி, வெறும் களிம்பு பூசிய கைகள். இடக்கைகள் ஒன்றும் தேறவில்லை. அவற்றில் பாதி, மருந்து பூசிய கைகள். ஆகவே மருந்துக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. வலக்கைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது அதைவிடப் பலமாக நிரூபணமாயிற்று.

சாதாரண மனிதனாக இருந்தால் மலைக்குப் போய் "என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டிருப்பான். டாக்டர் நூலகத்துக்குப் போனார். வலக்கை செய்து இடக்கை செய்யாதது எது? சூடான களியைப் பிசைகிறது. உருட்டுகிறது. உண்கிறது. விஞ்ஞானம் விளக்கு ஏற்றிக்கொண்டது.

தை மாதம் பள்ளிக்கூடத்தில் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. "மருந்து பயனற்றது. இன்றுமுதல் எல்லோரும் இடக்கையால் களி சாப்பிடவும்."

கூட்டத்தில் எல்லோரும் தங்கள் இடக்கையைப் பார்த்தார்கள். பிறகு கருப்பன் கேட்டார்: "அப்போ கால் கழுவறது சார்?"

"அது ஆய்வின் வரம்புக்குள் வராது."

மங்கம்மாள் எழுந்தாள். டாக்டரின் மானத்தைவிட மாசி அருகில் இருந்தது.

"சார், கோச்சுக்காதீங்க. காகிதத்த நாங்கதான் மாத்தி ஒட்டினோம். தார சோத்துக்கைக்குப் போட்டோம். மருந்து நல்லாக் கேக்குதுங்க சார். பீச்சாங்கைக்கு ஒரே ஒரு டப்பா குடுங்க. மாசிக்குள்ள தேறலன்னா இந்த வருசமும் கொட்டகையில சேத்துக்க மாட்டாங்க."

டாக்டர் பரிவோடு சிரித்தார். "நோயாளி சொல்வது சான்று ஆகாதும்மா. அது 'அபிப்பிராயம்'. பீரோவில் இருப்பதுதான் சான்று."

"பீரோவுக்கு மூக்கு கீதா சார்?"

"பயனற்றது என்று நிரூபணமான மருந்தை நோயாளிக்குக் கொடுப்பது மருத்துவ தர்மத்துக்கு விரோதம். நான் மனசாட்சி உள்ளவன்."

மீந்த டப்பாக்கள் பெட்டியோடு ஜீப்பில் ஏறின. டாக்டர் ஏறிக் கதவைச் சாத்தினார். கதவு கிறீச்சென்று அலறியது. அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"தங்கவேல், காது கூசுதப்பா! இதுக்கு ஒன்றும் செய்யக் கூடாதா?"

"கிரீஸ் கேட்டு எழுதிப் போட்டுக்கீறேன் சார். இன்னும் வர்ல," என்றான் டிரைவர் தங்கவேல்.

"அந்தக் களிம்பை எடுத்துத் தடவு. வீணாகத்தானே போகிறது. தாராளமாகத் தடவு."

கதவுக்கீல்களுக்குச் சிகிச்சை தொடங்கியது. விஞ்ஞானம் எதையும் வீணாக்குவதில்லை.

இடக்கைகளைக் கணக்கெடுக்க அடுத்த வாரம் ஜீப் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றபோது மங்கம்மாள் அதன் பக்கமாக நடந்தாள். இடது விரலால் கீலை ஒரு வழி வழித்து, முழங்கையில் பூசிக்கொண்டாள். தங்கவேல் பார்த்தான். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தான். அதற்கடுத்த வாரம் கீல்களில் களிம்பு வெண்ணெய்போல் அப்பியிருந்தது.

"யக்கா," என்றான் மரத்தைப் பார்த்தபடியே, "என் பக்கத்துக் கதவுல மண்ணு கம்மி."

ஒரு ஜீப்புக்கு எத்தனை கீல் இருக்கும்? கருப்பன் அடுத்த குன்றிலிருந்து நடந்து வருவதற்குள் ஜீப் போய்விடும்.

மாசியில் டாக்டரின் கண்டுபிடிப்பைப் பார்வையிட டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. இடக்கைகள் வரிசையாக நீட்டப்பட்டன. எல்லாம் செதில். மங்கம்மாளுடையது மட்டும் கழுவிவைத்த பாத்திரம்போல் இருந்தது. டாக்டரின் முகம் மலர்ந்தது. மற்றவர்கள் மூடநம்பிக்கையால் இடக்கையில் உண்ண மறுத்தவர்கள்; இவள் ஒருத்திதான் விஞ்ஞானத்தின் சொல் கேட்டவள்.

குழுத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. டாக்டரே மொழிபெயர்த்தார். "எந்தக் கையால் சாப்பிட்டாய் என்று கேட்கிறார்."

"சோத்துக்கையாலதாங்க. இது ஜீப்புக் கதவுல வழிச்சுப் பூசுனது. மருந்து நல்ல மருந்துங்க. எங்க கருப்பண்ணனுக்கும் மத்தவங்களுக்கும் ஆளுக்கொரு டப்பா குடுக்கச் சொல்லுங்க. கும்பிடறேன்."

டாக்டர் முழுதும் கேட்டுக்கொண்டு, இங்கிலீஷில் சொன்னார். அது மிகச் சிறியதாக இருந்தது. தலைவர் நெகிழ்ந்து அவளுக்குக் கைகூப்பினார்.

கூட்டம் கலைந்தபோது அவள் தங்கவேலைக் கேட்டாள். "நான் இன்னா சொன்னேனாம்?"

"'ரொம்ப நன்றி'ன்னு சொன்னியாம்க்கா."

அன்று மத்தியானமே அவள் கொட்டகைக்குப் போனாள். கிருஷ்ணன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உக்காரு" என்றார். அவள் உட்கார்ந்து முதல் புளியை உடைத்தாள். கருப்பன் வாசலுக்கு வெளியே நின்றார். ஒத்தக் கைக்கு அங்கே வேலை இல்லை. அந்த மருந்தை மலைக்கு இனி அனுப்ப வேண்டாம் என்று உத்தரவாகிவிட்டது. இடக்கைக் களித் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போவதாகப் பேச்சு.

கொட்டகையைத் தாண்டி ஜீப் கீழே இறங்கியது. டாக்டர் நிறுத்தச் சொல்லி இறங்கி, மங்கம்மாள் வேலை செய்வதைக் கண்குளிரப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஜவ்வாது மலையில் அந்த மருந்தை ஒளிக்காமல், குறைக்காமல், மறுக்காமல் கொடுத்து டாக்டர் சக்கரவர்த்தி குணப்படுத்தியது அந்தக் கதவைத்தான். அது முறையிட்டபோது மட்டும் அவர் பீரோவைக் கேட்கவில்லை.