ஹெல்ப் லைனில் அப்பா

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்கள் சாதித்ததை ஊரெல்லாம் சொல்வார்கள். சொதப்பியதைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டாலும் கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா சொல்லிவிடுவாள்.)

அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. தண்ணீர் லாரி புக் செய்யும் ஆப் எங்களுடையது. நான் சேர்ந்து ஆறு மாதம் முடிகிற நேரம். வேலை நிரந்தரமா, வீட்டுக்கு அனுப்புவதா என்று திங்கட்கிழமை நான்கு மணிக்கு மேனேஜர் சொல்வதாக இருந்தது. அதற்குள் திறமையைக் காட்டிவிடும் வேகத்தில், ஹெல்ப் லைனுக்குப் போன் போடும் பட்டனை நானே செய்தேன். அமுக்கினால் மணி அடிக்கிறதா என்று பார்க்க வேறொரு போன் வேண்டுமே? அப்பாவின் நம்பரைப் போட்டேன். அடித்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். நம்பரை மட்டும் மாற்றவில்லை.

திங்கள் காலை அப்டேட் வெளியே போனது. மதியம் அப்பா கூப்பிட்டார். பாடியில் லேத் பட்டறையில் வேலை; அன்று அவருக்கு லீவு.

"இன்னாம்மா இது? காலைலேந்து யாராரோ தண்ணி லாரி எங்கன்னு கேட்டுகினே கீறாங்க. சோறு துன்ன உட மாட்றாங்க!"

"நீ என்னப்பா சொன்ன?"

"பாவம், தண்ணி இல்லாம கீறாங்க. வந்துரும்னு சொல்லி பேரு, தெரு எல்லாம் எழுதிகினேன்."

சத்தமில்லாமல் நம்பரை மாற்றிவிடலாம் என்று கீபோர்டில் கை வைத்தேன். மேனேஜர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"ஹெல்ப் லைனுக்கு இன்னைக்கு ஒரு புகார்கூட வரலைம்மா! உன் அப்டேட் பிரமாதம். நாலு மணி வரைக்கும் எதுக்கு, இப்பவே சொல்லிடறேன்..."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் அத்தனை வீட்டிலும் காலிக் குடத்தோடு காத்திருந்தார்கள். அப்பா வேறு வாக்குக் கொடுத்துவிட்டார்.

"சார், புகாரெல்லாம் எங்க அப்பாவுக்குப் போயிட்டிருக்கு."

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நம்பரை மாற்றினேன். அப்பா வாட்ஸ்அப்பில் மாதக் காலண்டரின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். பெயர், தெரு மட்டுமில்லை. 'கேன்சல் பட்டன் கண்ணுக்கே தெரியல', 'ஓடிபி வர லேட்டு, ஒரு அம்மா ரொம்ப திட்டினாங்க' என்று ஆப்பின் மானத்தையே வரிவரியாக வாங்கியிருந்தார். எல்லோருக்கும் போன் செய்து, நான்கு மணிக்குள் லாரிகளை ஏற்பாடு செய்தோம்.

மேனேஜர் அந்தப் படத்தை இரண்டு முறை படித்தார். "வேலை நிரந்தரம். ஆனா இதுல இருக்கற ஒவ்வொண்ணையும் நீதான் சரி பண்ணணும்."

பண்ணினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொன்றையும் வெளியே விடுவதற்கு முன் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, இதில் எங்கே சொதப்பியிருப்பேன் என்று யோசிப்பேன். அப்படி யோசித்து யோசித்துத்தான் உருப்படியாக வேலை கற்றுக்கொண்டேன்; அதில் எனக்குப் பெருமைதான்.

இன்று அந்த ஆப்பின் குழுவுக்கு நான்தான் லீட். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் என் வேலையைப் பற்றி விசாரித்தால் அப்பா முந்திக்கொள்வார்:

"அவ லீடு. நானு அவளுக்கு சீனியரு."